கேஸ் ரேஞ்ச் வாங்கும் முன் ஜெட்டைப் பற்றிக் கேளுங்கள்

அமெரிக்காவில் கிராமத்துப் பாணிச் சமையலறைக்கென்று ஒரு தனி அழகு உண்டு. ஆழமான வெள்ளைப் பீங்கான் சிங்க், மரப்பலகை மேடை, நடுநாயகமாக கனத்த வார்ப்பிரும்புச் சட்டங்களோடு ஒரு கேஸ் ரேஞ்ச். மேலே நாலைந்து பர்னர், கீழே ஓவன், இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதைத்தான் அங்கே ரேஞ்ச் என்கிறார்கள். பழைய வீட்டை வாங்கிச் சமையலறையைப் புதுப்பிக்கும் நம்மவர்களுக்கும் இதன் மேல் ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். ஆனால் அகலம் 30 அங்குலமா 36 அங்குலமா, நிறம் கறுப்பா கிரீமா, குமிழ் பித்தளையா என்பதெல்லாம் அப்புறம். அந்த வீட்டுக்கு வருவது என்ன கேஸ் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நகரத்து வீடுகளுக்கு நிலத்தடிக் குழாயில் இயற்கை எரிவாயு வருகிறது. அதில் பெரும்பகுதி மீத்தேன். ஊரை விட்டுத் தள்ளிப் போனால் குழாய் கிடையாது. வீட்டுக்கு வெளியே ஒரு பெரிய தொட்டி படுத்திருக்கும், லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். அதில் இருப்பது புரொப்பேன். நம் ஊர் சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருப்பதால் இது நமக்குப் பழகிய கேஸுக்கு நெருங்கிய சொந்தம். சிக்கல் என்னவென்றால், கடையில் விற்கும் ரேஞ்ச் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவுக்கு அமைக்கப்பட்டே வருகிறது. கிராமத்துப் பாணி ரேஞ்சை உண்மையான கிராமத்து வீட்டில் அப்படியே மாட்டிவிட முடியாது.

ஏன் முடியாது என்று பார்க்கலாம். அமெரிக்காவில் வெப்பத்தை பி.டி.யூ என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு கன அடி இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் 1,030 பி.டி.யூ வெப்பம் கிடைக்கும். ஒரு கன அடி புரொப்பேன் 2,500 பி.டி.யூ தரும். காற்றுத் தேவையும் வேறு. ஒரு பங்கு மீத்தேன் முழுதாக எரியப் பத்துப் பங்கு காற்று போதும், புரொப்பேனுக்கு 24 பங்கு வேண்டும். அழுத்தமும் ஒன்றல்ல. பர்னருக்குப் போகும் இயற்கை எரிவாயு 4, 5 அங்குல நீர்மட்ட அழுத்தத்தில், அதாவது அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் அழுத்தத்தில் இருக்கும். புரொப்பேனுக்கு அது 10 அங்குலம்.

இந்த வேறுபாடுகளையெல்லாம் சமாளிக்கும் உறுப்பு ஜெட். ஒவ்வொரு பர்னரின் அடியிலும் திருகப்பட்டிருக்கும் சின்னப் பித்தளைத் துண்டு அது. அதன் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும் ஒரு துளை. எவ்வளவு கேஸ் வெளியே வர வேண்டும் என்பதற்கு உச்ச வரம்பு வைப்பது அந்தத் துளைதான். குமிழை முழுதாகத் திறந்தாலும் துளை விடும் அளவுக்கு மேல் வராது. புரொப்பேன் மீத்தேனை விடக் கனமானது என்பதால் அதே துளை வழியாகக் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். அந்த வேகக் குறைவைக் கழித்துப் பார்த்தாலும், இயற்கை எரிவாயு ஜெட்டில் புரொப்பேனை அதன் அழுத்தத்தோடு விட்டால் இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பம் வரும் என்று கணக்கு சொல்கிறது. அவ்வளவு கேஸுக்கு வேண்டிய காற்று உள்ளே வராது. சுவாலை மஞ்சளாக நீண்டு எழும், பாத்திரத்தில் கரி பிடிக்கும், கூடவே கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். ஆளைக் கொல்லும் வாயு அது.

அதனால் புரொப்பேனுக்கு மாற்றும்போது சிறிய துளையுள்ள ஜெட்டுகளைப் போட வேண்டும், ரெகுலேட்டரைப் புரொப்பேனுக்குத் திருப்பி அமைக்க வேண்டும், ஓவனின் ஜெட்டையும் மறக்காமல் மாற்ற வேண்டும். பல கம்பெனிகள் இந்தச் சாமான்களை ரேஞ்சோடேயே ஒரு பையில் போட்டுத் தருகின்றன, சில தனியாக விற்கின்றன. சில மாடல்களை மாற்றவே முடியாது. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், வேலையை உரிமம் உள்ள ஆளிடம் கொடுங்கள். நம் ஊரில் சிலிண்டரிலிருந்து குழாய் எரிவாயுவுக்கு மாறும் வீடுகளிலும் இதே வேலைதான் எதிர்த்திசையில் நடக்கிறது. அங்கே பெரிய துளை தேவைப்படும்.

சரி, ஜெட்டிலிருந்து சீறி வரும் கேஸ் காற்றோடு எப்படிக் கலக்கிறது? விசிறியோ பம்போ எதுவும் இல்லை. வேகமாகப் போகும் பேருந்து சாலையோரக் காகிதத்தைத் தன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகுமே, அதுபோல வேகமாகப் பாயும் கேஸ் சுற்றியுள்ள காற்றைத் தன்னோடு பர்னரின் குழாய்க்குள் இழுத்துப் போகிறது. எரிவதற்கு முன்பே கேஸையும் காற்றையும் கலந்துவிடும் இந்த ஏற்பாட்டை 1855 வாக்கில் ஹைடெல்பெர்க்கில் ராபர்ட் புன்சன் தன் ஆய்வகத்துக்காகச் செம்மைப்படுத்தினார். பள்ளி ஆய்வகத்தில் நாம் பார்த்த புன்சன் பர்னரும் பல லட்சம் ரூபாய் ரேஞ்சும் இந்த விஷயத்தில் ஒரே குடும்பம். தேவையான காற்றில் ஒரு பகுதிதான் இப்படி உள்ளே வருகிறது. மீதியைச் சுவாலை தன்னைச் சுற்றியிருந்து எடுத்துக்கொள்ளும்.

கலவை பர்னர் மூடியின் ஓரத் துளைகள் வழியே வெளியே வந்து எரிகிறது. சுவாலை ஏன் அந்தத் துளைக்குள் புகுந்து பின்னால் ஓடுவதில்லை? காரணம் இரண்டு. மீத்தேன் கலவையில் சுவாலை நகரும் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 40 சென்டிமீட்டர் அளவுதான். கலவை அதை விட வேகமாக வெளியே வந்துகொண்டிருந்தால் சுவாலையால் எதிர்நீச்சல் போட முடியாது. அடுத்து, துளை குறுகலாக இருந்தால் சுற்றியுள்ள உலோகம் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே நுழையும் சுவாலையை அணைத்துவிடும். 1815-ல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காகச் செய்த விளக்கில் கம்பி வலை செய்ததும் இதைத்தான்.

இது புரிந்தால், கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் பி.டி.யூ எண்ணை எப்படிப் பார்ப்பது என்பதும் புரிந்துவிடும். மணிக்கு 10,000 பி.டி.யூ என்பது சுமார் 2.9 கிலோவாட். நம் வீட்டு அடுப்பின் பர்னர்கள் பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து இரண்டேகால் கிலோவாட்டுக்குள் இருப்பவை. அமெரிக்க ரேஞ்சில் 18,000 பி.டி.யூ பர்னர் சாதாரணமாகக் கிடைக்கிறது, அதாவது ஐந்து கிலோவாட்டுக்கும் மேல். இருபது பேருக்குப் பிரியாணி செய்ய அது அருமை. ஆனால் அதையே சிம்மில் வைக்கும்போது கலவையின் வேகம் குறைகிறது. ஓர் அளவுக்குக் கீழே போனால் சுவாலை உள்ளே புகுந்துவிடும் அல்லது அணைந்துவிடும். அதனால் பெரிய பர்னரை ஓரளவுக்கு மேல் தணிக்க முடியாது. பால் பொங்காமல் காய்வதும் பருப்பு அடிபிடிக்காமல் வேகுவதும் அந்தக் கீழ் எல்லையைப் பொறுத்தவை. என் கருத்தில், எவ்வளவு அதிகம் எரியும் என்பதை விட எவ்வளவு குறைவாக எரியும் என்பதுதான் கேட்க வேண்டிய எண். நல்ல ரேஞ்சுகளில் ஒரே பர்னரில் மேலும் கீழுமாக இரண்டு வரிசைத் துளைகள் வைத்து, சிம்முக்குக் கீழ் வரிசையை மட்டும் எரிய விடுகிறார்கள். அது உண்மையிலேயே பயனுள்ள வேலைப்பாடு.

சின்னப் பாத்திரத்தை ராட்சத பர்னரில் வைத்தால் சுவாலை ஓரங்களில் வழிந்து மேலே போகும். எரிந்த கேஸில் பாதிக்கும் மேல் சமையலறையைச் சூடாக்கத்தான் உதவும். பாத்திரம் தாங்கும் சட்டத்தின் உயரமும் கணக்குப் போட்டு வைத்ததுதான். பாத்திரம் சுவாலைக்கு மிக அருகில் வந்தால் குளிர்ந்த அடிப்பாகம் எரிதலைப் பாதியில் நிறுத்திவிடும், அப்போதும் கார்பன் மோனாக்சைடு வரும். அழகுக்காக வேறு சட்டங்களை மாற்றிப் போடாதீர்கள்.

ஓவனில் கிராமத்து வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கரண்ட் போனால் மேல் பர்னர்களைப் பொதுவாகத் தீக்குச்சியால் பற்றவைத்துக்கொள்ளலாம். ஓவனை முடியாது. பெரும்பாலான ஓவன்களில் மின்சாரத்தால் தகதகக்கும் ஒரு பற்றவைப்பான் இருக்கிறது. அது போதிய அளவு சூடாகி, அதன் வழியே ஓடும் மின்னோட்டம் மூன்று ஆம்பியர் அளவை எட்டினால்தான் கேஸ் வால்வு திறக்கும். பற்றவைப்பான் பழசாகி மின்னோட்டம் குறைந்துவிட்டால், அது சிவந்து எரிந்தாலும் ஓவன் பற்றாது. கேஸ் எரியும்போது நீராவி நிறைய உண்டாவதால் கேஸ் ஓவனுக்குள் ஈரம் அதிகம். மொறுமொறுப்பான பிஸ்கட்டை விரும்புகிறவர்கள் மேலே கேஸ், கீழே மின்சார ஓவன் என்றிருக்கும் ரேஞ்சைத் தேடுவது இதனால்தான்.

இனி காற்று. சமையலறையைப் புதுப்பிக்கும்போது பலரும் கடைசியாக நினைப்பது இதைத்தான். ஆனால் ரேஞ்சோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. நீலச் சுவாலை சுத்தமாக எரிந்தாலும், அதன் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு உருவாகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு அது ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதற்கான ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது. இதை வெளியேற்றத்தான் ரேஞ்சுக்கு மேலே ஹூட் என்னும் புகை உறிஞ்சி வேண்டும். காற்றை வடிகட்டி வழியே இழுத்து மறுபடி அறைக்குள்ளேயே விடும் ஹூட் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்குமே தவிர இந்த வாயுவை வெளியேற்றாது. ஹூட்டின் குழாய் சுவரையோ கூரையையோ தாண்டி வெளியே போக வேண்டும்.

எவ்வளவு பெரிய ஹூட்? 10,000 பி.டி.யூவுக்கு நிமிடத்துக்கு 100 கன அடி என்று தோராயமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லா பர்னரும் சேர்ந்து 60,000 பி.டி.யூ என்றால் 600 கன அடி. அமெரிக்காவில் பல இடங்களில் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டட விதிப்படி, ஹூட்டின் திறன் 400 கன அடியைத் தாண்டினால், வெளியேறும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வரவும் வழி செய்தாக வேண்டும். இறுக்கமாக அடைத்த வீட்டில் அது இல்லாவிட்டால், ஹூட் வெந்நீர்க் கொதிகலனின் புகையையே வீட்டுக்குள் இழுத்துவிடும். இந்த இரண்டு குழாய்களுக்கும் இடம் விட வேண்டும் என்பதால், சுவர்ப் பலகைகளை மூடுவதற்கு முன்பே ரேஞ்ச் எது என்பது முடிவாகியிருக்க வேண்டும்.