ஐல் ராயல் தீவுல ஓசி ஷெல்டர்: யாருக்குக் கிடைக்கும், எப்படிக் கிடைக்கும்

அமெரிக்கால சுப்பீரியர் ஏரி நடுவுல ஐல் ராயல்னு ஒரு தீவு இருக்கு, 1940லருந்து நேஷனல் பார்க். நீளம் மட்டும் 45 மைல், கார் சைக்கிள் எதுக்கும் அனுமதி இல்ல. நடந்து சுத்தணும், இல்லன்னா படகுல. அங்க கரையோர கேம்ப் நிறைய எடத்துல பார்க்காரங்களே மரத்துல ஷெல்டர் கட்டி வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல வீட்டை ஒட்டி சாய்ப்பு இறக்குவோம்ல, கிட்டத்தட்ட அது மாதிரிதான், மூணு பக்கம் பலகை, முன்பக்கம் முழுக்க கொசுவலை அடிச்சு ஒரு வலைக்கதவு. கட்டில் மெத்தையெல்லாம் கிடையாது, பலகைத்தரைதான். ஆறு பேர் வரைக்கும் படுக்கலாம். ஜூன் மாசக் கொசுவைப் பார்த்தவங்களுக்கு அந்த வலைக்கதவு டப்புனு சாத்துற சத்தம் கேட்டாலே நிம்மதியா இருக்கும்.

இதுக்கு வாடகை இல்ல, ரிசர்வேஷனும் இல்ல, முந்துறவங்களுக்குத்தான் எடம். பின்னாடி ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்கன்னு பஸ்ல துண்டு போடுற மாதிரி போட்டு வைக்க முடியாது. மோட்டார் படகுல வர்றவங்க மத்தியானமே வந்து எறங்கிடுவாங்க, பத்து மைல் மூட்டை தூக்கிட்டு நடந்து வர்றவங்க சாயங்காலம் போய் பார்த்தா எல்லாம் நிறைஞ்சிருக்கும், ரெண்டு பேருக்கும் ஒரே ரூல்தான், ஆனா நடக்கறவங்க பாடுதான் திண்டாட்டம். அதனால ஷெல்டரை நம்பி டென்ட் எடுக்காம போயிடாதீங்க. டெய்சி ஃபார்ம்ங்கற கேம்ப்ல 16 ஷெல்டர் இருக்கு, அங்க கொஞ்சம் சான்ஸ் உண்டு. தீவுக்குள்ள இருக்கற ஹேட்செட் லேக், சவுத் லேக் டெசோர் மாதிரி எடத்துல ஷெல்டரே இல்ல, டென்ட்தான். டூக்கர்ஸ் ஐலண்ட், கேரிபூ ஐலண்ட் ஷெல்டருக்கெல்லாம் படகு இருந்தாதான் போக முடியும்.

ஓசின்னு சொன்னேன்ல, அது ராத்தங்கலுக்கு மட்டும். நுழைவுக் கட்டணம் தனி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 டாலர், 15 வயசு வரைக்கும் இலவசம். நேஷனல் பார்க் வருஷ பாஸ் ஒருத்தர் வச்சிருந்தா அவரோட சேர்த்து மொத்தம் நாலு பெரியவங்களுக்கு அது போதும். ஃபெர்ரி டிக்கெட்தான் பெரிய செலவு. கேம்பிங் பெர்மிட் கட்டாயம், ஆறு பேர் வரைக்கும் அதுக்கு காசு இல்ல, படகை நங்கூரம் போட்டு அதுலயே தூங்குறவங்களும் எடுக்கணும். ஏழுலருந்து பத்து பேர்னா அது குரூப் கணக்கு, முன்கூட்டியே புக் பண்ணி காசு கட்டி குரூப் சைட்லதான் தங்கணும், ஷெல்டர் பக்கம் வரக்கூடாது. நாலு நாலு பேரா பிரிச்சு ரெண்டு பெர்மிட் வாங்கலாம்னு ஐடியா பண்றவங்க இருக்காங்க, அதுவும் ரூல் மீறல்தான்.

ஒரே எடத்துல எத்தனை ராத்திரி தங்கலாம்னு கேம்புக்கு கேம்ப் லிமிட் இருக்கு. ராக் ஹார்பர் கேம்ப்ல ஃபெர்ரிக் கூட்டம் வந்து எறங்குறதால சீசன்ல ஒரே ராத்திரிதான், மறுநாள் மூட்டையைக் கட்டிடணும். நாயைக் கூட்டிட்டுப் போக முடியாது, படகுலயே கட்டி வச்சிருக்கேன்னாலும் விட மாட்டாங்க, ஏன்னா பார்க் எல்லை கரையோட நிக்கல, ஏரிக்குள்ள நாலரை மைல் வரைக்கும் போகுது.

தண்ணி விஷயத்துல அசால்ட்டா இருக்காதீங்க. ஓநாய் வழியா பரவுற நாடாப்புழு முட்டை தண்ணில இருக்கலாம், குளோரின் மாத்திரைக்கு அது சாகாது, கொதிக்க வைக்கணும் இல்ல 0.4 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டணும். விறகு எரிக்கவும் பெரும்பாலான கேம்ப்ல அனுமதி இல்ல, சின்ன ஸ்டவ் எடுத்துட்டுப் போங்க. கடல்விமானத்துல போறவங்க கேஸ் சிலிண்டரை தீவுலதான் வாங்கணும், ஏத்த மாட்டாங்க.

இன்னொண்ணு, ராத்திரி ஷூவை வெளிய விட்டுட்டுத் தூங்காதீங்க, வலைக்கதவுக்கு உள்ள வைங்க. நரி வந்து ஒத்தை ஷூவைத் தூக்கிட்டுப் போயிடும், தீவுல செருப்புக் கடை இல்ல.

நவம்பர் 1லருந்து ஏப்ரல் 15 வரைக்கும் பார்க்கே மூடல்.