அலாரம் தீவிரமாகவில்லை, மேலே போயிருக்கிறது

"குளிர் அறை 2: வெப்பநிலை எச்சரிக்கை தீவிரமாக்கப்பட்டது. முந்தைய எச்சரிக்கை காலாவதி."

போன மாதம் ராத்திரி 2.40க்கு எங்கள் மெக்கானிக் அண்ணனின் போனுக்கு அலாரம் இயந்திரம் அனுப்பிய செய்தி இது. அவர் வீடு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில், நாங்கள் வேலை பார்க்கும் இறால் கம்பெனி கடலுக்கு இந்தக் கரையில், மண்டபம் ஊர்ப் பக்கம். குளிர் அறை என்றாலே அவருக்கு அதைக் குளிர்விக்கும் அம்மோனியா வாயு கசிகிற நினைப்புதான் வரும், அதில் 'தீவிரம்' என்று வேறு போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "எல்லாரையும் வெளியேத்துங்க, காத்து வர்ற பக்கமா நிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துப் பாம்பன் பாலம் தாண்டி வந்துவிட்டார். லோடு ஏற்றிக்கொண்டிருந்த பதினைந்து இருபது பேர் முற்றத்தில் நின்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் வாயுவும் இல்லை, கசிவும் இல்லை. கதவு சரியாகச் சாத்தாமல் குளிர் குறைந்து அறை மைனஸ் 15.5 டிகிரிக்கு வந்திருந்தது. அந்த ஷிஃப்ட் ஆபரேட்டர் தம்பி போனைச் சார்ஜில் போட்டுவிட்டு லோடிங் பக்கம் நின்றிருக்கிறான். ஐந்து நிமிடம் அவனிடமிருந்து பதில் இல்லை, அதனால் பட்டியலில் அடுத்த பெயருக்குச் செய்தி போயிருக்கிறது. நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள் அண்ணன் என்னிடம் கேட்டார், "ஏன் தம்பி, எதுதான் தீவிரமாச்சு?" எதுவுமே ஆகவில்லை என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆங்கில அலாரம் சொற்களுக்கு இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது முதல் தடவை இல்லை. விற்பனைக்கு வருகிறவர்கள் காட்டும் படங்களில், பயிற்சி வகுப்புக் கையேட்டில், எங்கும் எஸ்கலேஷன் என்றால் 'தீவிரமாக்கல்', டைம்அவுட் என்றால் 'காலாவதி'. சரி, ஒரு தடவை எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஏதோ ஒரு அளவு எல்லை தாண்டுகிறது, அலாரம் எழுகிறது. வரிசையில் முதல் ஆளுக்குச் செய்தியோ அழைப்போ போகிறது. அவர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பதில் தர ஒரு நேரம் குறித்திருக்கிறோம், அதுதான் டைம்அவுட். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போகிறது, அதுதான் எஸ்கலேஷன். அவரும் எடுக்கவில்லையா, அதற்கடுத்தவர். யாராவது பதில் கொடுத்தால் இந்த ஓட்டம் நிற்கும், ஆனால் அலாரம் தீராது. அறை குளிர்ந்தால்தான் அலாரம் தீரும். இதில் ஏறியது எது? வெப்பநிலையா? ஆபத்தா? ஆள்தான் மாறியிருக்கிறது.

எஸ்கலேஷன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை சின்னது. லத்தீனில் ஸ்காலா என்றால் ஏணி. ஓடிஸ் கம்பெனி 1900 பாரிஸ் கண்காட்சியில் காட்டிய நகரும் படிக்கட்டின் வணிகப் பெயர்தான் எஸ்கலேட்டர், அந்தப் பெயரின் மேலிருந்த தனியுரிமையை 1950இல் இழந்தார்கள். எஸ்கலேட்டரிலிருந்துதான் எஸ்கலேட் என்ற வினையே பிறந்தது, அதாவது படிக்கட்டின் பெயர் முதலில், வினை அப்புறம். அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், சின்னச் சண்டை படிப்படியாக அணு யுத்தமாவதைச் சொல்ல அந்த வினையைப் பிடித்துக்கொண்டார்கள், பத்திரிகைகள் அதைப் பரப்பின. நம் அகராதிகளில் 'தீவிரமாக்கல்' வந்து உட்கார்ந்தது இந்தப் போர்ப் பொருளுக்காகத்தான் இருக்க வேண்டும். போர்ச் செய்திக்கு அது பொருத்தம்தான், நான் குறை சொல்லவில்லை. அலாரம் என்ற சொல்லே இத்தாலிய மொழியில் 'ஆயுதம் எடு' என்ற கூப்பாட்டிலிருந்து வந்தது என்பதால் எல்லாவற்றையும் போர்க்களமாக்க வேண்டும் என்று சட்டம் இல்லையே.

தீவிரம் வடமொழி, அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு நண்பர் நினைத்துக்கொண்டு 'கடுமையாக்கல்' என்று போடச் சொன்னார். ஐயா, அதுவும் அதே தப்புதான், தமிழ் வேட்டி கட்டியிருக்கிறது, அவ்வளவே. எனக்குச் சொல்லின் சாதி முக்கியமில்லை, ராத்திரி 2.40க்கு அரைத்தூக்கத்தில் படிக்கிறவனுக்கு அது என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம்.

இந்த வேறுபாடு நம் ஊருக்கு ஒன்றும் புதிதில்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1ஆம் எண் என்றால் தூரத்தில் எங்கோ ஏதோ உருவாகிறது, 3 என்றால் நம் துறைமுகத்துக்கே காற்று பற்றிய எச்சரிக்கை, 5, 6, 7 என்று போனால் அபாயம், 8, 9, 10 பெரிய அபாயம். எண் ஏற ஏற நிலைமை மோசமாகிறது, அது தீவிரம், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு மேல் 11 என்று ஒன்று இருக்கிறது. 10ஐ விடப் பெரிய புயல் என்றுதான் சின்ன வயதில் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். 11க்குப் பொருளே வேறு: வானிலை அலுவலகத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரலாம் என்று துறைமுக அதிகாரி தானே கருதுகிறார். புயலின் பலத்தைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் இல்லை என்கிறது. எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு வந்த செய்தி இந்த 11 வகை. அதை 10 என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. தீவிரம் என்ற சொல்லுக்கு இந்தத் துறையிலேயே உண்மையான வேலை இருக்கிறது. ஒவ்வொரு அலாரத்துக்கும் முன்னுரிமை குறிக்கிறோம். அம்மோனியா உணரி 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) காட்டினால் ஒரு தரம், 300 போனால் உயிருக்கு உடனடி ஆபத்து, முகமூடி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. அப்படி ஏறும்போது அல்லவா 'தீவிரமாகிவிட்டது' என்று செய்தி வர வேண்டும்! ஆள் மாறுவதற்கும் அதே சொல் என்றால் நாலு தடவை ஏமாந்தவன் ஐந்தாவது தடவை திரும்பிப் படுத்துக்கொள்வான். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடித்தபோது, கடைசி 11 நிமிடங்களில் 275 அலாரங்கள் வந்து விழுந்தன. எது முக்கியம் என்று பிரித்துப் பார்க்க ஆபரேட்டர்களுக்கு வழியே இல்லை. அங்கே வேறு மொழி, வேறு இயந்திரம். ஆனாலும் எல்லாமே அவசரம் என்று கத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இன்றைக்கும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

அப்படியானால் எஸ்கலேஷனுக்கு என்ன சொல்? ஸ்காலா ஏணிதானே, 'படியேற்றம்' என்று வைக்கலாம் என்று முதலில் ஆசைப்பட்டேன், எழுதியும் காட்டினேன். அலுவலகத்தில் கணக்கர் படித்துவிட்டு, "படி ஏறுதா? பஞ்சப்படியா, பயணப்படியா?" என்றார். அதோடு அந்த ஆசை போயிற்று. 'மேல்முறையீடு' என்று ஒரு வாடிக்கையாளர் சேவைக் கடிதத்தில் பார்த்திருக்கிறேன், அது கோர்ட் சமாச்சாரம், தோற்றவன் போடுவது. 'விரிவாக்கம்' என்று எழுதியவர் எந்த அகராதியைப் பார்த்தார் என்று தெரியவில்லை, அவரை மன்னித்துவிடலாம்.

ஷிஃப்டில் தம்பிகள் என்ன சொல்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டேன். "நான் எடுக்கல, மேல போயிருச்சுண்ணே." சொல் அங்கேயே இருந்திருக்கிறது. மேலனுப்பு. 'எச்சரிக்கை மேலனுப்பப்பட்டது.' இதற்கு ஒரு தடை சொன்னார்கள்: பட்டியலில் இரண்டாவது ஆள் எப்போதும் மேலதிகாரி இல்லையே, எங்கள் கம்பெனியில் முதல் இருவரும் ஒரே சம்பளத்து ஆட்கள், பக்கவாட்டில் போவதை மேல் என்று எப்படிச் சொல்வது என்று. நல்ல கேள்விதான், ஆனால் தமிழில் மேல் என்றால் உயரம் மட்டுமா? மேற்கொண்டு, இனிமேல், இதற்கு மேல், மேல்செலவு எல்லாவற்றிலும் அது 'அடுத்து' என்றும் 'இன்னும்' என்றும் நிற்கிறது. மேல் நடவடிக்கை என்றால் மாடியில் எடுக்கும் நடவடிக்கையா? உடம்பு சரியில்லை என்பதை "மேலுக்கு முடியல" என்று சொல்கிற ஊரில், மேலுக்கு ஒரே பொருள்தான் என்று யாரும் என்னிடம் வாதாட வேண்டாம். மேலதிகாரிக்குப் போனாலும் பக்கத்து ஆளுக்குப் போனாலும் மேலனுப்பு பொருந்தும்.

இனி காலாவதி. காலம், அவதி இரண்டும் சேர்ந்தது, அவதி என்றால் எல்லை, ஆக அகராதிப்படி 'கால எல்லை' என்றே பொருள். மொழிபெயர்த்தவர் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று மாத்திரை அட்டையிலும் பால் பாக்கெட்டிலும் அந்தச் சொல் பிழைத்துக்கொண்டிருக்கிறது, காலாவதி ஆனதைத் தூக்கிப் போடுவார்கள். 'முந்தைய எச்சரிக்கை காலாவதி' என்று படித்த அண்ணன், பழையது செல்லாது, இப்போது புதிதாகப் பெரிதாக ஒன்று வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டார். எப்படி எடுக்காமல் இருப்பார்? 'நேரவெளியேற்றம்' என்று ஒன்றும் கண்ணில் பட்டது, அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கெடு என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. வட்டிக்குக் கொடுத்தவர் கெடு வைக்கிறார், ஆக்கிரமிப்பை அகற்ற அரசு கெடு விதிக்கிறது. தெலுங்கிலும் கடுவு என்று இதே பொருளில் வைத்திருக்கிறார்கள். கெட்டுப்போதல் என்ற இன்னொரு கெடு இருப்பதால் அமங்கலம் என்று ஒரு புலவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். காலாவதியில் பொருள் செத்துப்போகிறது, கெடு முடிந்தால் பொருள் அப்படியே இருக்கும், எதிராளி அடுத்த வேலையைத் தொடங்குவார். டைம்அவுட் செய்வதும் அதைத்தானே? 'பதில் கெடு 5 நிமிடம்' என்று எழுதிப் பாருங்கள், எட்டாவது படித்தவருக்கும் விளங்கும்.

கெடு என்று சொல்ல ஆரம்பித்த பிறகு கணக்கே வேறு மாதிரி ஓடியது. காலாவதி 5, 5, 10 என்று திரையில் இருந்தவரை யாரும் அதைத் தொடவில்லை, ஏதோ கம்பெனிக்காரன் போட்ட எண் என்று விட்டுவிட்டோம். மூன்று பேருக்கும் கெடு 5, 5, 10 என்று சொன்னதும் அண்ணன் விரலை மடக்கினார்: ஆகமொத்தம் 20 நிமிடம் பதிலுக்கே போகிறது. எங்கள் அறையில் கதவு திறந்திருந்தால் சரக்குக்குச் சேதம் வர ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். மிச்சம் 20. தங்கச்சிமடத்திலிருந்து ராத்திரியில் கால் மணி நேரம், சரி. விடுமுறை நாள் பகலில்? பாலத்தின் நடுவில் வேனை நிறுத்தி ரயிலைப் படம் எடுக்கிறவர்களைத் தாண்டி 20 நிமிடத்தில் வர முடியுமா? முடியாது. அதனால் வரிசையை மாற்றினோம், மண்டபத்தில் குடியிருப்பவர் இரண்டாவது, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மூன்றாவது. மூன்றாம் ஆளும் எடுக்காவிட்டால் முதலிலிருந்து சுற்ற வேண்டும் என்றும் வைத்தோம், முன்பு அது சத்தமில்லாமல் நின்றுவிடும்படி இருந்தது. அம்மோனியாவுக்குக் கெடு 1 நிமிடம், அதற்கு ஒருவர் பின் ஒருவர் இல்லை, எல்லாருக்கும் ஒரே நேரத்தில்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் கோபமா என்றால், ஆமாம், ஆனால் அவர்களை விட அவர்களுக்கு வேலை கொடுப்பவர்களிடம். எக்செல் தாளில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறு பக்கம் காலிக் கட்டம், இது எந்தத் திரையில் வரும், யார் படிப்பார் என்று ஒரு வரி கிடையாது. அலாரத்துக்குப் பதில் தர அழுத்தும் அக்நாலட்ஜ் பொத்தானுக்கு 'ஒப்புக்கொள்' என்று போட்டதும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி அதை அழுத்தவே மாட்டான். "நான் எதுக்குண்ணே ஒப்புக்கணும், கதவைத் திறந்து போட்டது நான் இல்லையே?" அவன் பேர் இருக்கும் ஷிஃப்டில் எல்லா அலாரமும் மேலே போகும், எனக்குத்தான் போன் வரும்.

'தீவிரமாக்கப்பட்டது', 'காலாவதி' இரண்டையும் மாற்றச் சொல்லி அலாரம் கம்பெனிக்கு எழுதினேன், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. செய்தி வாசகத்தை மட்டும் நாமே மாற்ற இடம் இருந்தது, அதை மாற்றிவிட்டோம்: "குளிர் அறை 2 வெப்பநிலை. முதல் ஆள் 5 நிமிடக் கெடுவில் பதில் தரவில்லை. உங்களுக்கு மேலனுப்பப்பட்டது." பொத்தானில் மட்டும் கை வைக்க முடியவில்லை. திரையின் ஓரத்தில் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் 'கவனிக்கிறேன்' என்று எழுதியிருக்கிறது. உப்புக் காற்றில் வாரம் ஒரு முறை உரிந்துவிடுகிறது, அந்தத் தம்பியேதான் மறுபடி ஒட்டுகிறான்.