ப்ரைமி: தலைச்சூலா, தலைப்பேறா?

பிரசவ வார்டில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் போதும், 'ப்ரைமி' என்ற சொல் பத்து முறையாவது காதில் விழும். 'ப்ரைமிகிராவிடா' என்பதன் சுருக்கம். லத்தீனில் 'ப்ரைமஸ்' முதல், 'கிராவிஸ்' கனம். முதன்முறை சுமப்பவர் என்று பொருள். தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்கவே வேண்டாம். தலைச்சூல் இருக்கிறது, தலைமகன், தலைதீபாவளியில் வரும் அதே 'தலை'. நற்றிணை 370ஆம் பாட்டு இதையே 'கடுஞ்சூல்' என்கிறது. எவ்வளவு உணர்ந்து வைத்த பெயர்!

இதன் பக்கத்திலேயே இன்னொரு சொல் நிற்கிறது: 'நல்லிபேரஸ்'. 'நுல்லுஸ்' என்றால் ஒன்றுமில்லை, 'பரேரே' என்றால் ஈனுதல். இன்னும் ஒரு பேறும் காணாதவர் என்று பொருள். இரண்டையும் 'முதல்முறை கர்ப்பிணி' என்றே எழுதிவிடுகிறோம். அங்கேதான் பிழை.

"இது தலைப்பிரசவமாம்மா?" என்று நர்ஸ் கேட்கிறார். "ஆமாக்கா... முன்னாடி ஒண்ணு ரெண்டு மாசத்துலயே கலைஞ்சிடுச்சு." அட்டையில் 'ஜி2 பி0 ஏ1' என்று ஏறுகிறது. இரண்டாம் சூல், பேறு இல்லை, ஒரு கலைவு. இவர் ப்ரைமி அல்லர், ஆனால் நல்லிபேரஸ்.

ஆய்வுகளுக்கு இந்த வேறுபாடு முக்கியம். முந்தைய பிரசவம் எப்படி இருந்தது என்பதே மருத்துவருக்குக் கிடைக்கும் பெரிய துப்பு. தலைப்பேற்றில் அது கிடையாது. இரத்த அழுத்தம் ஏறும் முன்சூல்வலிப்பு அதிகம் வருவதும் அப்போதுதான். அதனால்தான் அமெரிக்காவின் 'நூமாம்டூபி' ஆய்வு 2010 முதல் 2013 வரை எட்டு மையங்களில் தலைப்பேற்றை எதிர்நோக்கிய 10,038 பெண்களைச் சேர்த்து, கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலிருந்தே கவனித்தது. இருபது வாரத்தைத் தாண்டிய கர்ப்பம் முன்பு இருந்திருக்கக் கூடாது என்பது விதி. முன்பே கலைந்தவர்களுக்கும் அதில் இடம் உண்டு. பிரசவத்தோடு விட்டுவிடவும் இல்லை. அவர்களில் பலருடைய இதய நலத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் பரிசோதித்தார்கள். அந்தக் கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறியவர்களுக்குப் பின்னாளிலும் அது கூடுதலாகக் காணப்பட்டது.

ஆக, ப்ரைமிக்குத் தலைச்சூலி. நல்லிபேரஸுக்கு 'ஈனாதவர்', 'பிள்ளை பெறாதவர்' என்று நேர்பொருள் எழுதலாம்தான். ஆனால் ஒன்றை இழந்து மறுபடி சுமப்பவர் காதில் அந்தச் சொல் எப்படி விழும்? ஆய்வில் சேர்ந்த கர்ப்பிணிகளைத் 'தலைப்பேற்றுத் தாய்மார்' என்று எழுதலாம். 'தலைப்பிரசவம்' என்ற சொல்லுக்கு அந்த அம்மா ஆமாம் போட்டாரே, அதே பொருள்தான்.