மெத்தைக்கு எத்தனை டிகிரி வரை நினைவு இருக்கும்?

வேலூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் ஐந்து அங்குலக் கனமும் கொண்ட மெத்தை உள்ளூர்க் கடையில் 7,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதே அளவில் பெயர்பெற்ற நிறுவனத்தின் மெமரி ஃபோம் மெத்தைக்கு 24,000 ரூபாய் சொல்கிறார்கள், கூடுதலாகக் கொடுக்கும் 17,000 ரூபாய்க்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா? தம் படுக்கையறையில் ஏசி இல்லை என்பதையும் போகிறபோக்கில் எழுதியிருந்தார். விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

இரண்டிலும் இருப்பது பாலியூரித்தேன் நுரைதான். ஜெர்மனியில் 1937இல் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டறிந்த வேதிவினையின் பிள்ளை அது. இட்லி மாவைப் பொங்கவைக்கும் அதே கார்பன் டை ஆக்சைடுதான் இதையும் பொங்கவைக்கிறது. கடைக்காரர் '40 டென்சிட்டி' என்றால், ஒரு கன மீட்டர் நுரை 40 கிலோ எடை இருக்கும் என்று பொருள். வாசகி கேட்ட மெத்தையின் கன அளவு ஏறத்தாழ 0.21 கன மீட்டர். ஆகவே அது முழுவதும் 40 டென்சிட்டியாக இருந்தால், உறை நீங்கலாக எட்டரை கிலோ தேற வேண்டும். ஆறு கிலோதான் நிற்கிறது என்றால் அது 28 டென்சிட்டி. டென்சிட்டி கூடினால் மெத்தை கெட்டியாகும் என்பது தவறு. கெட்டித்தன்மை கலவையின் வேதியியலைச் சார்ந்தது, டென்சிட்டி சொல்வது பெரும்பாலும் ஆயுளை. அடர்த்தி குறைந்த நுரையில் எடையைத் தாங்கும் நுண்தூண்கள் மெலிந்தவை. இரவுதோறும் வளைந்து நிமிர்ந்து அவை முறிந்துபோகும்போதுதான் இடுப்புப் பகுதியில் பள்ளம் விழுகிறது. எடை காட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூள் கலப்பவர்களும் உண்டு என்பதால், எடை சரியாக இருப்பது மட்டும் தரத்துக்குச் சான்றாகாது.

இனி, மெமரி ஃபோம். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக, விமான இருக்கைகளில் மோதலின் அதிர்ச்சியைக் குறைப்பதற்கென்று 1966இல் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய நுரை இது. கடையில் கேட்டு வாங்கிவந்த உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு ஒன்றை ஒருநாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்தேன்; ரொட்டிக்கடை ரஸ்க்கைப் போல விறைத்துப்போயிருந்தது. சற்று நேரம் மேசைமேல் கிடந்தபின் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்று, பிறகு யோசித்து யோசித்து மேலெழும்பியது. அதே துண்டை மே மாத நண்பகலில் மொட்டைமாடியில் வைத்து அழுத்தியபோது, எந்தத் தயக்கமும் இன்றிச் சாதாரணப் பஞ்சாகத் துள்ளி எழுந்தது.

பாலிமர் ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே அதன் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் இருந்த இடத்தில் உறைந்து நிற்கும். அதற்கு மேலே ரப்பரைப் போலத் தாராளமாக நெளியும். சாதாரண நுரைக்கு அந்த எல்லை பூஜ்யத்துக்கு வெகு கீழே இருப்பதால், நம் ஊரில் எந்த மாதத்திலும் அது துள்ளிக்கொண்டுதான் இருக்கும். மெமரி ஃபோமில் வேதியியலாளர்கள் சங்கிலிகளைக் குறுக்கி, அவற்றிடையே பிணைப்புகளை நெருக்கி, அந்த எல்லையை அறை வெப்பநிலையின் அருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். எல்லைக்கோட்டில் சங்கிலிகள் நகரும், ஆனால் ஒன்றோடொன்று உரசி, அழுத்திய ஆற்றலை வெப்பமாக இழந்து, மெதுவாகவே நகரும். உடலின் வெப்பம் பட்ட தோள்பட்டையடியில் நுரை இளகுகிறது, படாத இடத்தில் இறுக்கமாகவே நிற்கிறது. எனவே மெத்தை உடலின் அச்சை வாங்கி அழுத்தத்தைப் பரப்பிவிடுகிறது. எனக்கு இதைவிட அழகான மெத்தைத் தந்திரம் தெரியாது.

ஆனால் இந்தத் தந்திரம் அறைக்கும் உடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டை நம்பியிருக்கிறது. கோடை இரவில் அறையே 33 டிகிரியில் இருந்தால், தொட்ட இடம், தொடாத இடம் என்ற பேதம் நுரைக்கு இல்லை. மெத்தை முழுவதும் ஒரேயடியாக இளகிவிடும். போதாக்குறைக்கு உடலை அணைத்துக்கொள்ளும் மெத்தை வியர்வை ஆறவும் விடாது.

'ஆர்த்தோ' என்று எழுதிய கல் போன்ற மெத்தைதான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கையையும் ஓரமாக வைக்கலாம். ஸ்பெயினில் நாள்பட்ட முதுகுவலி கொண்ட 313 பேரிடம் 90 நாள் நடத்தி 2003இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், மிகக் கெட்டியானதைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. காந்த மெத்தைக்கு லட்சம் ரூபாய் கொடுக்கும் நாட்டில், இலவம்பஞ்சு மெத்தையையும் கோரைப்பாயையும் வைத்து இப்படியொரு சோதனை நடத்த நம் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு யாராவது நிதி கொடுத்தால் எவ்வளவோ பயன்.

வேலூர் வாசகிக்கு: விலை உயர்ந்த மெத்தைகளிலும் மெமரி ஃபோம் பெரும்பாலும் மேலே ஓரிரு அங்குலம்தான், கீழே இருப்பது சாதாரண நுரையே. ஏசி இல்லாத உங்கள் அறையில் அந்த மேலடுக்கு ஆண்டில் பல மாதங்கள் தன் வேலையைச் செய்யாது. உள்ளூர்க் கடையிலேயே நடுத்தரக் கெட்டியில் 40 டென்சிட்டி நுரை கேளுங்கள். உறையின் ஜிப்பைத் திறந்து, கடைத் தராசில் வைத்து, எட்டரை கிலோ நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.