எந்த இயங்குதளத்துக்கு வைரஸ் வராது?

‘லினக்ஸ் போட்டுவிட்டால் வைரஸே வராதாமே சார், எங்களுக்கும் போட்டுக்கொடுங்கள்’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பி மீதியைக் கவனிக்காமல் விடுவதில்தான் ஆபத்து. அச்சகம், ஆடிட்டர் அலுவலகம், சிறு மருத்துவமனை என்று பல இடங்களில் கணினிகளைப் பராமரித்துவருகிறேன். அங்கே கண்டதை வைத்தே இதை எழுதுகிறேன்.

பென்டிரைவிலிருந்து தொடங்குகிறேன். செருகித் திறந்தால் உள்ளே இருந்த கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. ‘ஃபைல் எல்லாம் போய்விட்டது’ என்று பதறிப்போய் அந்த ஷார்ட்கட்டையே இரண்டு முறை தட்டுவார்கள். கோப்புறை திறந்துவிடும். கூடவே வைரஸும் ஓடத் தொடங்கிவிடும்.

அதே பென்டிரைவை லினக்ஸ் மடிக்கணினியில் செருகினால் காட்சியே வேறு. உண்மையான கோப்புறைகள் பத்திரமாக இருப்பது தெரியும். பக்கத்திலேயே அதே பெயர்களில் ஒன்றிரண்டு கிலோபைட் அளவுள்ள ‘.எல்என்கே’ என்ற ஷார்ட்கட் கோப்புகள், தலையும் வாலும் புரியாத பெயரில் ஒரு ‘.விபிஎஸ்’ கோப்பு. வைரஸ் செய்தது இவ்வளவுதான்: கோப்புறைகள் மீது ‘மறைக்கப்பட்டது’, ‘சிஸ்டம் கோப்பு’ என்று இரண்டு குறிகளைப் போட்டது. விண்டோஸ் அந்தக் குறிகளை மதித்துக் கோப்புறைகளைக் காட்டாமல் விட்டது. லினக்ஸ் அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. அந்த ‘.விபிஎஸ்’ நிரலை இயக்கும் வசதியும் அதில் கிடையாது. வேண்டாத கோப்புகளை அழித்துவிட்டுப் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் உடனே லினக்ஸுக்கு மாறிவிடத் துடிக்கிறார்கள். ஆனால் அந்த வைரஸ் லினக்ஸை நோக்கி எழுதப்பட்டதே அல்ல. மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் என்பதால், எழுதுகிறவனும் அதற்குத்தான் எழுதுகிறான்.

எண்ணிக்கை மட்டும் காரணம் இல்லை. வளர்ந்த விதமும் ஒரு காரணம். யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளம் ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில் உருவானது. ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடக் கூடாது, இயந்திரத்தின் உயிர்நாடியை நிர்வாகி மட்டுமே தொடலாம் என்ற பிரிவினை அதன் அடித்தளத்திலேயே இருந்தது. லினக்ஸும் இன்றைய மேக்கும் அந்த வழியில் வந்தவை. விண்டோஸ் வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினியிலிருந்து வளர்ந்தது. 2001இல் வந்த எக்ஸ்பியை வீட்டுக் கணினியில் நிறுவியபோது, முதல் பயனருக்கே முழு நிர்வாகி உரிமை கிடைத்தது. அவர் தவறுதலாகத் தட்டிய நிரலுக்கும் அதே உரிமை. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் தானாகவே இயங்கும் நிலைக்கு வந்தது 2004இல் வெளியான இரண்டாம் சர்வீஸ் பேக்கில்தான். ‘இந்த நிரலை அனுமதிக்கலாமா?’ என்று கேட்கும் வழக்கம் அடுத்த பதிப்பான விஸ்டாவில் வந்தது. தொந்தரவாக இருக்கிறது என்று அதை அணைத்துவைத்திருக்கும் அலுவலகங்களை இன்றும் பார்க்கிறேன்.

2000ஆம் ஆண்டு மே மாதம் உலகையே கலக்கிய ‘ஐ லவ் யூ’ மின்னஞ்சல் வைரஸ், கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்துவைப்பதைப் பயன்படுத்திக்கொண்டது. ‘.விபிஎஸ்’ மறைந்து ‘.டிஎக்ஸ்டி’ மட்டும் கண்ணில் பட்டதால், காதல் கடிதம் என்று நம்பித் திறந்தார்கள். விண்டோஸ் 11லும் அந்தக் கடைசிப் பகுதி தொடக்கத்தில் மறைந்தேதான் இருக்கிறது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் முதலில் மாற்றுவது அந்த அமைப்பைத்தான். பில் என்று வந்த பிடிஎஃப் கோப்பின் பெயர் ‘.இஎக்ஸ்இ’ என்று முடிவதைக் கண்ணால் பார்த்தால் யாரும் அதைத் தட்ட மாட்டார்கள்.

இவ்வளவு சொன்னதால் விண்டோஸ் மோசம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாகிரை வைரஸ் தாக்கியபோது நடந்ததைப் பாருங்கள். 2017 மே 12 அன்று அது பரவத் தொடங்கியது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. ஆம்புலன்ஸ்கள் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. யாரும் எந்தக் கோப்பையும் தட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கோப்புகளைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் பழைய எஸ்எம்பி நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாக, ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானாகவே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது அதற்கு அப்டேட் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரே அறையில், ஒரே விண்டோஸில், பேட்ச் போட்ட கணினி தப்பியது, போடாதது மாட்டியது.

நம் ஊரில் எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். விலை கொடுக்காமல் ‘கிராக்’ செய்து போடப்பட்ட விண்டோஸ். அதை இயக்கும் ஆக்டிவேட்டர் நிரல் முதலில் கேட்பதே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லித்தான். அப்டேட் வந்தால் கிராக் போய்விடும் என்று, போட்டுக்கொடுக்கிறவர் அதையும் நிறுத்திவைத்துவிடுகிறார். உரிமையாளருக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. கணினி நன்றாக ஓடுகிறது, அவருக்கு அது போதும். பல வருடக் கணக்குகள் அதில்தான் இருக்கும். தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன், சம்பளத்துக்கு ஒதுக்குவதுபோல உரிமத்துக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள்.

அச்சகங்களின் கதை சற்று வேறு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001இல் வந்தது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் பக்கம் கட்டிய பழைய கோப்புகளைத் திறக்க அதுவும் பழைய விண்டோஸும் தேவைப்படுகின்றன. அவர்களிடம் ‘புதிதாக மாற்றுங்கள்’ என்று சொல்வது வேலைக்கு ஆகாது. அந்தக் கணினியிலிருந்து நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடச் சொல்கிறேன். வைஃபை வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம். கோப்பைக் கொண்டுபோக ஒரே ஒரு பென்டிரைவ். அந்த வேலைக்குத் தவிர அதை வேறு எங்கும் செருகக் கூடாது. ஆதரவு நின்றுபோன எக்ஸ்பிகூட இப்படித் தனியாக இருந்தால் காலம் தள்ளிவிடும்.

மேக் வைத்திருப்பவர்களிடம் ஃப்ளாஷ்பேக் பற்றிச் சொல்வேன். 2012இல் சுமார் 6 லட்சம் மேக் கணினிகளைப் பிடித்த நிரல் அது. ஜாவா என்ற மென்பொருளில் இருந்த ஓட்டையை, அதைத் தயாரிக்கும் ஆரக்கிள் நிறுவனம் பிப்ரவரியிலேயே சரிசெய்துவிட்டது. மேக்குக்கான ஜாவாவை அப்போது வழங்கிவந்த ஆப்பிள் அதைத் தன் பயனர்களிடம் சேர்த்தது ஏப்ரலில். இடையில் புகுந்துவிட்டார்கள். பிசிக்கு வரும் வைரஸ்கள் மேக்குக்கு வருவதில்லை என்று ஆப்பிள் தன் தளத்தில் போட்டிருந்த விளம்பர வாசகமும் அந்த ஆண்டே காணாமல் போனது.

இனி லினக்ஸ். மேசைக் கணினியில் அது பெற்ற நல்ல பெயர் நியாயமானதுதான். நிரல்களை லினக்ஸை வழங்குபவரின் களஞ்சியத்திலிருந்தே பெறுவதும், அவை அனைத்தும் ஒரே கட்டளையில் புதுப்பிக்கப்படுவதும் பெரிய பாதுகாப்பு. ஆனால் லினக்ஸ் அதிகம் இருப்பது மேசையில் அல்ல, சர்வர்களில். இணையத்தில் புதிதாக ஒரு சர்வரை வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து அதன் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ‘ரூட்’, ‘அட்மின்’, ‘டெஸ்ட்’, ‘ஆரக்கிள்’ என்று வரிசையாகப் பெயர்களைப் போட்டு, கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து யாரோ தட்டிக்கொண்டே இருப்பது வரி வரியாகத் தெரியும். மனிதர்கள் அல்ல, தானியங்கி நிரல்கள். கடவுச்சொல் ‘அட்மின்123’ ஆக இருந்தால் உள்ளே இருப்பது லினக்ஸ் என்பதால் எந்தப் பயனும் இல்லை.

கடையில் மாட்டியிருக்கும் சிசிடிவி கேமராவின் பதிவுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஓடுவதும் லினக்ஸ்தான். 2016இல் மிராய் என்ற நிரல் குறிவைத்தது இப்படிப்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான். அதன் கையில் பெரிய ஆயுதம் எதுவும் இல்லை. தயாரிப்பாளர்கள் வைத்து அனுப்பும் பயனர் பெயர், கடவுச்சொல் இணைகள் 60 சொச்சம் இருந்தன, அவ்வளவுதான். அப்படிப் பிடித்த கருவிகளை வைத்து அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின், இணையதளப் பெயரைக் கணினி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையைத் தாக்கியபோது, அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலமணி நேரம் முடங்கின. கருவியை அணைத்துப் போட்டால் மிராய் நினைவகத்திலிருந்து அழிந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களிலேயே திரும்பி வந்துவிடும். கேமரா மாட்டவருபவரிடம் கடவுச்சொல்லை மாற்றிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கருவின் மேல் கட்டப்பட்டதுதான். ஒவ்வொரு செயலியையும் தனித்தனிக் கூண்டில் அடைத்துவைக்கும் அமைப்பு அது. அந்தக் கூண்டின் கதவைத் திறப்பது நாம்தான். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ, போக்குவரத்து அபராதச் சலான் என்றோ ‘.ஏபிகே’ என்று முடியும் கோப்பு வரும். எந்தப் பத்திரிகையும் ஏபிகே கோப்பாக வராது. நிறுவியதும் அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி நேராக மோசடிக்காரனிடம் போகும். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் யோசிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதில் வேலை செய்பவர்கள் நிறையப் பேர். வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு, ஆனால் அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும். டேலியில் கணக்கு எழுதும் அலுவலகங்களை விண்டோஸ் 11க்கு மாற்றிவருகிறேன். பிரவுசரும் கடிதம் தட்டச்சு செய்வதும் மட்டுமே வேலை என்றால், 11ஐத் தாங்காத பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொடுக்கிறேன். எதைப் போட்டாலும் தினசரி வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத ஒரு பயனர் கணக்கு, தானாக வரும் அப்டேட், வாரம் ஒருமுறை நகல் எடுத்ததும் கழற்றி அலமாரியில் வைக்கப்படும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். இந்த மூன்றையும் செய்து முடிக்காமல் நான் பில் போடுவதில்லை.