தலைமடைக் கணுவில் ஒற்றைச் செல்லைத் தேடுவது

ஈரோட்டு மஞ்சள் காட்டிலும் பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலும் செருப்பில்லாமல் நடந்து பழகிய காலில் கருப்பாக ஒரு திட்டு வந்தால், முள் குத்தியது என்றோ கால் ஆணி என்றோதான் முதலில் தோன்றும். பிளாஸ்திரி ஒட்டியே மாதங்கள் போய்விடும். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் நம் நிறத்தவருக்கு அரிதுதான். ஆனால் வந்தால் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வருவது அதிகம். திட்டை வெட்டி எடுத்ததும் வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "மறுபடி வருமாங்க?" அதற்கான விடையை மருத்துவர்கள் தொடையிடுக்கில் தேடுகிறார்கள்.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. கீழ்பவானி வாய்க்காலில் மிதந்து வரும் களை விதை தலைமடையில் முதலில் ஒதுங்குவதுபோல, திட்டிலிருந்து கழன்ற புற்றுச்செல் தன் வழியில் எதிர்ப்படும் முதல் கணுவில்தான் பெரும்பாலும் தங்கும். அந்தக் காவல் கணுவை மட்டும் கண்டுபிடித்து எடுக்கும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்ட் மார்ட்டன் குழுவினர் 1992-ல் வெளியிட்டார்கள். திட்டின் ஆழம் 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் இதை வழக்கமாகப் பரிந்துரைக்கிறார்கள். திட்டு இருந்த இடத்தைச் சுற்றி டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தைச் செலுத்துவார்கள். அதன் கதிர்வீச்சு 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். கூடவே நீலச் சாயமும் போடுவதுண்டு. அந்தக் கதிரைப் படமெடுக்கும் காமா கேமரா, மருந்து போகும் வழியைக் காட்டும். அறுவை மேசையில் கதிர்வீச்சை உணரும் கைக்கருவியின் ஒலி கூடும் இடத்தில் கீறினால் நீலமேறிய கணு கிடைக்கும். குதிகால் பக்கத்துத் திட்டு என்றால் சில சமயம் முழங்காலின் பின்மடிப்பிலேயே முதல் கணு இருக்கும். படம் எடுக்காமல் தொடையிடுக்கை மட்டும் திறந்தால் அது தப்பிவிடும்.

எடுத்த கணுவை மெழுகில் பதித்து, 5 மைக்ரான் கனத்தில் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது வழக்கமான சோதனை. 1 சென்டிமீட்டர் கணுவில் அப்படி 2000 சீவல்கள் வரும். நோயியல் மருத்துவர் 10 சீவல் பார்த்தாலும் 200-ல் ஒரு பங்கைத்தான் பார்த்திருக்கிறார். மெலான்-ஏ, எஸ்100 போன்ற புரதங்களுக்கு நிறமேற்றினால் சிதறிக் கிடக்கும் செல்லும் பளிச்சென்று தெரியும். ஆனால் பார்க்காத சீவலில் இருப்பது தெரியாது.

மூலக்கூறு சோதனை இந்த இடைவெளியை நிரப்ப வந்தது. மெலனோமா செல் நிறமி செய்யும் செல்லின் வழிவந்தது. டைரோசினேஸ், மார்ட்-1 போன்ற மரபணுக்களின் ஆர்என்ஏ, அதாவது மரபணு வேலை செய்யும்போது எடுக்கப்படும் நகல், அதில் இருக்கும். கணுவின் வெள்ளணுக்களில் இருக்காது. கணுவின் ஒரு பகுதியை அரைத்து, ஆர்என்ஏவைப் பிரித்து, டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்குவார்கள். கொரோனா காலத்தில் சளியில் செய்த அதே ஆர்டி-பிசிஆர்தான். 95 டிகிரியில் இழைகள் பிரியும், 60 டிகிரிவாக்கில் தொடக்க இழை ஒட்டும், 72-ல் புது இழை வளரும். சுற்றுக்கு இரு மடங்கு என்று 30 சுற்றில் ஒன்று 107 கோடியாகும். பத்து லட்சம் செல்லுக்கு நடுவே ஒரு புற்றுச்செல் இருந்தாலும் பிடித்துவிடலாம்.

சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும் பொருள். கணுவை எடுத்ததும் உறைய வைக்காமலோ காப்புத் திரவத்தில் போடாமலோ மேசையில் விட்டால், இருந்த செல்லும் இல்லை என்று வரும். திசுவைக் கெட்டிப்படுத்தும் ஃபார்மலினில் ஊறியதில் ஆர்என்ஏ துண்டுதுண்டாகிக் கிடக்கும். அதனால் எல்லாச் செல்லிலும் இருக்கும் ஒரு மரபணுவை உடன் வைத்து அளக்க வேண்டும். அதுவே எழவில்லை என்றால் மாதிரி கெட்டுவிட்டது, 'நெகட்டிவ்' என்று எழுதக் கூடாது. எதிர்த்திசைப் பிழையோ இன்னும் நுட்பமானது. கணுவின் உறையில் தீங்கில்லாத மச்சச் செல்கள் சிலருக்கு இருக்கும். கணுவோடு ஒட்டி வரும் நரம்பிழையின் உறையான ஷ்வான் செல்லும் டைரோசினேஸ் ஆர்என்ஏ தரும். நுண்ணோக்கியில் அது உறையில் இருக்கிறது, வடிவம் சாதுவாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அரைத்துவிட்ட கூழில் எது எங்கே இருந்தது என்பதற்கு வழியே இல்லை. அரைத்த பகுதி நுண்ணோக்கிக்குக் கிடைக்காமல் போவதும் சிறிய இழப்பல்ல.

1998-ல் 114 பேரிடம் செய்த ஆய்வு பெரும் நம்பிக்கை தந்தது. இரண்டு சோதனையிலும் நோய் தெரியாத 44 பேரில் ஒருவருக்குத்தான் திரும்பியது. நுண்ணோக்கியில் ஒன்றும் இல்லாமல் பிசிஆரில் மட்டும் தெரிந்த 47 பேரில் 6 பேருக்குத் திரும்பியது. இரண்டிலும் தெரிந்த 23 பேரில் 14 பேருக்கு. பிறகு அமெரிக்காவில் சன்பெல்ட் ஆய்வு வந்தது. நுண்ணோக்கியில் சுத்தமாக இருந்த 1446 பேரில் 620 பேருக்கு பிசிஆர் 'பாசிட்டிவ்'. சுமார் 30 மாதக் கண்காணிப்பில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நோய் திரும்புவதில் வேறுபாடு இல்லை. பத்தில் நாலு பேருக்கு மேல் 'பாசிட்டிவ்' காட்டும் சோதனை, யாருக்குத் திரும்பும் என்று பிரித்துச் சொல்ல உதவாது. பிசிஆரை மட்டும் நம்பி மீதிக் கணுக்களை எடுத்ததும், இன்டர்ஃபெரான் என்னும் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தைச் சேர்த்ததும் ஆயுளைக் கூட்டவில்லை என்று 2016-ல் வந்த முடிவு சொன்னது. இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், பல மரபணுக்களின் அளவைச் சேர்த்துக் கணக்கிடும் பிந்தைய முறைகள் இதைவிட நன்றாகப் பிரித்துக் காட்டின. அந்தப் பாதை ஆய்வுக்குத் தகுந்தது என்றே கருதுகிறோம்.

ஆனாலும் கணுக்களை மொத்தமாக வழித்தெடுக்கும் அறுவைக்கு ஒரு மூலக்கூறு ரிப்போர்ட் மட்டும் காரணமாகக் கூடாது. காவல் கணுவில் நோய் உறுதியானவர்களிடமே 2017-ல் வெளியான எம்எஸ்எல்டி-2 ஆய்வில், உடனே மீதிக் கணுக்களை எடுத்தவர்களும் எடுக்காமல் கண்காணிக்கப்பட்டவர்களும் 3 ஆண்டில் 86 சதவீதம் என்று ஒரே அளவில்தான் மெலனோமாவால் இறவாமல் இருந்தார்கள். நிணநீர் தேங்கி வீங்கியதோ எடுத்தவர்களில் 24 சதவீதம், மற்றவர்களில் 6. வரப்பில் ஏறி இறங்கிப் பிழைக்கும் ஒருவருக்கு வீங்கிய கால் ஆயுள் முழுக்கச் சுமை. அந்த ஆய்வில் கண்காணிப்பு என்பது முதல் 2 ஆண்டு 4 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த 3 ஆண்டு 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கணுப் பகுதிக்கு அல்ட்ராசவுண்ட். கோவைக்கு ஸ்கேனுக்கு வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் மெழுகுக் கட்டையின் எண்ணையும் கையில் கொண்டு வர வேண்டும். சந்தேகம் எழுந்தால் அந்தக் கட்டையிலிருந்தே புதிதாகச் சீவிப் பார்க்க முடியும்.