செகண்ட் ஹேண்ட் சாகாவும் 'பெல்டிங்' பில்லும்

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது காராக் நெடுஞ்சாலையில் நின்றுபோன ஒரு புரோட்டான் சாகா காரை எங்கள் செந்தூல் பட்டறைக்கு இழுத்துவந்தார்கள். 2010 மாடல். சாவியைத் திருப்பினால் வழக்கமான திணறல் இல்லை, தையல் மிஷின் மாதிரி விர்ரென்று லேசாகச் சுற்றுகிறது. கம்ப்ரஷன் இல்லை, அதாவது எஞ்சினுக்குள் காற்று அழுத்தப்படவில்லை, டைமிங் பெல்ட் போய்விட்டது என்று அந்தச் சத்தமே சொல்லிவிடும்.

"அண்ணே, போன வருஷம்தானே பெல்ட் மாத்தினேன்" என்று வண்டிக்காரத் தம்பி பில்லை நீட்டினார். 'பெல்டிங்' என்று ஒரே வார்த்தை, 60 வெள்ளி (ரிங்கிட்). அந்தக் காசுக்கு மாற்றியது ஃபேன் பெல்ட். அது வெளியே இருக்கும், தேய்ந்தால் கீச்சென்று கத்தும். டைமிங் பெல்ட் மூடிக்குள் இருந்துகொண்டு, பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்கையும் வால்வைத் திறந்து மூடும் கேமையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் ரப்பர் பட்டை, பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல்தான் அறுந்துபோகும். இந்தச் சாகாவில் இருக்கும் கேம்புரோ எஞ்சினில் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். வண்டி நின்ற பிறகும் தம்பி நாலைந்து தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்கிறார் (தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்). எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால் ஆறு வால்வு வளைந்து கிடக்கிறது.

பொதுவாக 80,000-லிருந்து 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள், உங்கள் காடியின் கணக்கு மேனுவலில் இருக்கும். ஆனால் கேஎல்லில் (கோலாலம்பூரில்) மீட்டரை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபெடரல் ஹைவே ஜாமில் ஒரு மணி நேரம் நின்றால் மீட்டர் ஏழெட்டு கிலோமீட்டர்தான் காட்டும், ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று என்றாலும் கிராங்க் அதற்குள் 45,000 தடவை சுற்றியிருக்கும், பெல்ட்டும் கூடவே ஓடியிருக்கும். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். அதனால் ஐந்து வருடம் ஆகிவிட்டால் மீட்டர் குறைவாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள் என்பேன். ஆயில் சீல் கசிந்து பெல்ட் நனைந்திருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கி, பழைய பில் எதுவும் இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மைவி, வியோஸ் கார்களுக்கு பெல்ட்டுக்குப் பதில் செயின்தான், அதை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள், வாட்டர் பம்ப் இதே பெல்ட்டில் ஓடுகிறதென்றால் அதையும். கூலி ஒரே கூலிதான். அப்புறம், பில்லில் 'டைமிங் பெல்ட்' என்று முழுசாக எழுதி வாங்குங்கள். நான் மூடியின் மேலேயே மார்க்கர் பேனாவால் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவிடுவேன், தம்பியின் சாகாவிலும் எழுதியிருக்கிறேன். அந்தத் தீபாவளிக்கு அவர் மெந்தகாப்புக்குப் பஸ்ஸில்தான் போனார்.